மேருவில் மலை இல்லை: உச்சிப் பட்டியல்களை வாசித்தல்

என் ஊர் மேரு. கிள்ளானிலிருந்து ஜாலான் மேருவைப் பிடித்து வடக்கே வந்தால் கடைவீடுகள், தொழிற்சாலைகள், மிச்சமிருக்கும் செம்பனை, இரவும் பகலும் லாரிகள். தேவர்கள் வாழும் மலையின் பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஊர் இவ்வளவு தட்டையாக இருக்க முடியுமா என்று யாரும் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் எழுத்தாளர் கேட்டே விட்டார். "மேருவா? அப்ப மலையெல்லாம் இருக்குமே?" "இருக்கு சார், பேர்ல மட்டும்" என்றேன்.

இந்தத் தட்டை ஊரிலிருந்துதான் நாங்கள் ஆறு பேர் மலையேறக் கிளம்புகிறோம். சனிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரேக். பிறகு இரண்டு காரில் உலு லங்காட்டுக்கோ கேமரன் மலைக்கோ. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஏறிய மலைக்கு எதிரே ஒரு சரி குறி. ஏறாத மலைக்கு எதிரே காலி இடம். அந்தக் காலி இடம் பல் விழுந்த ஈறு மாதிரி. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேதான் போகும்.

முதன்முதலாக நான் ஒரு மலை இறங்கி வந்த இரவு, காலில் அட்டை கடித்த இடத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே பாட்டி கேட்டார். "மேல கோயில் இருக்கா?"

"இல்ல பாட்டி."

"அப்பறம் எதுக்கு?"

நான்கு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தக் கடனை அடைக்கும் முயற்சி இந்தக் கட்டுரை. மலையேற்றத்தைப் பற்றியது என்பதைவிட, மலையேறுகிறவர்கள் கையில் இருக்கும் பட்டியல்களைப் பற்றியும், ஏறிவிட்டு வந்து நாம் எழுதும் குறிப்புகளைப் பற்றியும் இது. இரண்டும் எழுத்துதானே. எழுத்து என்றால் விமர்சனத்துக்கு உட்பட்டதுதான்.

ஏழாயிரம் அடி

தீபகற்ப மலேசியாவில் மலையேறுகிறவர்களின் மந்திரச் சொல் 'ஜி7'. குனோங் தாஹான் 2187 மீட்டர், கொர்பு 2183, யோங் பெலார் 2181, காயோங் 2173, சாமா 2171, யோங் யாப் 2168, உலு செப்பாட் 2161. ஏழு பெயர், ஏழு எண். இவற்றை முடித்தவருக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு தனி மரியாதை. அவர் பேசினால் மற்றவர்கள் தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். முதலாவதுக்கும் ஏழாவதுக்கும் உயர வித்தியாசம் வெறும் 26 மீட்டர். பத்துமலை அடிவாரத்து முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதாவது ஏழு மலைகளின் மொத்த ஏற்றத்தாழ்வும் முருகனின் நெஞ்சுக்குக்கூட எட்டாது. அப்படியிருந்தும் ஏழாவதுக்குக் கீழே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கேமரன் மலையின் குனோங் இராவ் 2110 மீட்டர். பாசி படர்ந்த மரங்களும் பனியும் சேற்றில் முழங்கால் வரை புதையும் பாதையும் உள்ள அற்புதமான மலை. ஆனால் ஏழில் அது இல்லை. ஏன்? கோடு 7000 அடியில் கிழிக்கப்பட்டது. மீட்டரில் சொன்னால் 2133.6. எந்த மலையும் தன்னை 2133.6 மீட்டர் என்று அறிந்துகொண்டு வளர்வதில்லை.

நாடு மீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாயிற்று. பாதைப் பலகைகளில் கிலோமீட்டர்தான். ஆனால் நம் ஆசை மட்டும் இன்னும் ஆங்கிலேயனின் அடியில் அளக்கப்படுகிறது. கோட்டை 2000 மீட்டரில் கிழித்திருந்தால் இராவும் பிரிஞ்சாங்கும் உள்ளே வந்திருக்கும். 'ஏழு' என்ற அந்த அழகான எண் உடைந்திருக்கும். பட்டியலின் கவர்ச்சி மலையிலிருந்து பாதி வருகிறது. மீதிப் பாதி எண்ணிலிருந்து வருகிறது.

இந்த இடத்தில் நம் இலக்கிய நண்பர்கள் சந்தோஷப்படுவார்கள். "பாத்தியா, எண்ணுறவன் மலையப் பாக்க மாட்டான்" என்பார்கள். இயற்கையை 'அனுபவிக்க' வேண்டும், 'கணக்கெடுக்க'க் கூடாது என்பது நம்மிடையே பெரிதாக யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு நல்லொழுக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜி7 பட்டியல் மட்டும் இல்லையென்றால் உலு செப்பாட் என்ற பெயரை மேருவில் பிறந்த நான் என் வாழ்நாளில் கேட்டிருக்கவே மாட்டேன். பேராவுக்கும் கிளந்தானுக்கும் நடுவில், எந்தச் சுற்றுலாப் பேருந்தும் நிற்காத இடத்தில் இருக்கிற ஒரு மலை அது. அழகை மட்டும் தேடிப் போகிறவன் அழகென்று ஏற்கெனவே யாரோ சொன்ன இடத்துக்குத்தான் போவான். யாரும் அழகென்று சொல்லாத மலைக்கும் ஒருவனை அனுப்பி வைப்பது பட்டியல்தான்.

பட்டியல் போட்டவர் முடிக்கவில்லை

இந்த வழக்கத்தின் மூதாதை ஸ்காட்லாந்தில் இருக்கிறார். சர் ஹியூ மன்ரோ 1891இல் ஸ்காட்டிஷ் மலையேற்றச் சங்கத்தின் இதழில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் அட்டவணையை வெளியிட்டார். அப்படிப்பட்ட மலைகள் முப்பது போலத்தான் இருக்கும் என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர் காட்டியது 283 தனி மலைகள். துணை உச்சிகளையும் சேர்த்தால் 538. அங்கேயும் பட்டியல் செய்த முதல் வேலை, இருந்தும் கண்ணுக்குப் படாதவற்றைக் கண்முன் கொண்டுவந்ததுதான்.

அவருடைய பெயரே இன்று அந்த மலைகளுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. திருத்தங்களுக்குப் பிறகு இப்போது 282 'மன்ரோக்கள்'. ஆனால் மன்ரோ தன் பட்டியலை முடிக்கவில்லை. 1919இல் அவர் இறந்தபோது, பாறை ஏறும் திறமை வேண்டியிருந்த ஸ்கை தீவின் ஓர் உச்சி மிச்சமிருந்தது. கடைசியாக ஏறலாம் என்று அவர் ஆசையாக எடுத்து வைத்திருந்த இன்னொரு மலையும் மிச்சமிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படி எடுத்து வைத்த அந்த மலை 1981இல் தனி மலை என்ற தகுதியை இழந்து மன்ரோ பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. முதன்முதலில் எல்லாவற்றையும் முடித்தவர் என்று பெயர் பெற்றவர் ராபர்ட்சன் என்கிற பாதிரியார். 1901இல் கடைசி மலையில் முதலில் கற்குவியலை முத்தமிட்டு, பிறகுதான் மனைவியை முத்தமிட்டார் என்று சொல்வார்கள். அவரும் ஒரு மலையில் மழைக்குப் பயந்து உச்சிக்கு முன்பே திரும்பிவிட்டதாகப் பிற்காலத்தில் அவருடைய குறிப்புகளைப் படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கதைகளை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பட்டியல் போட்டவர் தோற்றிருக்கிறார், முடித்தவருக்குச் சந்தேகத்தின் நிழல் விழுந்திருக்கிறது, பட்டியலே நடுவில் மாறியிருக்கிறது. இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், அவர்கள் எதை ஏறவில்லை என்பதையும் எழுதி வைத்ததுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் என் சொந்தக் குறிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பத்தாவது மலை

பட்டியல் போட்டு மலையேறுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலை வந்து பார்க்கலாம். மன்ரோவின் அட்டவணை வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1892இல், இங்கே தைப்பூசம் தொடங்கியது. 1920இல் மரப்படிகள் வந்தன. இப்போது இருப்பவை 272 சிமெண்டுப் படிகள். அந்த 272ஐ எண்ணாமல் ஏறிய குழந்தை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. 'ஓரு நூத்தி எழுவத்தி ரெண்டுல' மூச்சு வாங்கி நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது படிகள் இல்லை, பெயர். மலாயில் 'பாத்து' என்றால் கல். நம் ஆட்கள் காதில் அது 'பத்து' என்று விழுந்தது. விழுந்ததோடு விடவில்லை. பத்து என்றால் பத்தாவது மலை. அப்படியானால் முந்தைய ஒன்பது எங்கே? தமிழ்நாட்டில் ஆறுபடை வீடு. மீதி மூன்றும் இந்த மண்ணில்: ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை. ஆறும் மூன்றும் ஒன்பது, பத்தாவது பத்துமலை. கோயில் வாசலில் கச்சான் விற்கும் அக்காகூட இந்தக் கணக்கைச் சொல்வார்.

மொழியியல்படி இது பிழை. இலக்கியப்படி இது மலேசியத் தமிழர்களின் கூட்டுக் கற்பனை உருவாக்கிய மிகச் சிறந்த பிரதிகளில் ஒன்று என்பேன். யார் எழுதினார்கள் என்று தெரியாது. கப்பலில் வந்து இறங்கிய ஜனங்கள், தாங்கள் விட்டு வந்த ஆறு மலைகளின் வரிசையை முடிந்துபோனதாக வைக்காமல், கடலுக்கு இந்தப் பக்கமும் நான்கு இடங்களைச் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். பழனி முடிந்த இடத்தில் கல்லுமலை தொடங்குகிறது. குடியுரிமை, அடையாள அட்டை எல்லாம் வருவதற்கு முன்னாலேயே ஒரு பட்டியல் மூலம் இந்த நாட்டில் தங்களை எழுதிக்கொண்டார்கள். ஜி7இன் கோடு அடியில் கிழிக்கப்பட்டது. இந்தக் கோடு காதில் கிழிக்கப்பட்டது.

நம் மரபு பட்டியல்களின் மரபு. பாடல் பெற்ற தலங்கள், ஆறுபடை வீடுகள், 108 திவ்ய தேசங்கள். 108இல் இரண்டு, திருப்பாற்கடலும் பரமபதமும், இந்த மண்ணிலேயே கிடையாது. எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும் உயிரோடு 106க்கு மேல் சரி குறி போட முடியாது. முடிக்க முடியாத மாதிரியே அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மன்ரோவுக்குத் தற்செயலாக நேர்ந்தது நம் பட்டியலில் இலக்கணமாகவே இருக்கிறது. ஏழும் முடித்த பிறகு "அடுத்து என்ன?" என்று வெறுமையாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டு காலி இடங்களின் நினைவு வரும்.

யார் ஏறினார்கள்

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஓர் உண்மையைச் சொல்லாமல் போகக் கூடாது. மலாயாவை 'மலைநாடு' என்று அழைத்தவர்கள் நாம். ஆனால் நான் வாசித்த வரையில் நம் புனைவுகளில் மலை குறைவு. ரப்பர் நிரை இருக்கிறது, லயம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, ரயில் தண்டவாளம் இருக்கிறது. மலை தூரத்தில் நீலமாக நிற்கும், அவ்வளவுதான். பொழுதுபோக்குக்காக மலையேறும் பாத்திரம் ஒன்றைத் தேடிக் களைத்துவிட்டேன்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. என் பாட்டி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகித்தான் மேருப் பக்கம் வந்தார். நான் இராவ் ஏறிய படங்களைக் காட்டியபோது பாதையோரத்துத் தேயிலைச் சரிவைத்தான் அவர் விரல் தொட்டது. "இந்தச் சரிவுல கூடைய முதுகுல போட்டுக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏறி எறங்குவோம் தெரியுமா? எங்களுக்கு யாரும் படம் எடுக்கல." அதில் கசப்பு ஒன்றும் இல்லை, ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கூலி வாங்காமல் மலையேறிய முதல் ஆள் நான். அதுவும் பெர்மிட்டுக்குக் காசு கட்டி, மலைவழிகாட்டிக்குக் காசு கொடுத்து. பாட்டியின் "எதுக்கு?" எவ்வளவு நியாயமான கேள்வி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

படம் எடுக்கப்படாதவர்கள் எல்லா மலையிலும் இருக்கிறார்கள். கினபாலுவின் உச்சிக்கு 'லோ உச்சி' என்று பெயர். 1851இல் ஏறிய ஹியூ லோவின் நினைவாக வைத்தது. ஆனால் லோ அந்த உச்சியில் கால் வைக்கவில்லை. எட்ட முடியாதது என்று விட்டுவிட்டார். 1888இல்தான் வைட்ஹெட் என்பவர் அதை எட்டினார். தாஹான் மலையை 1905இல் முதலில் எட்டியவர்கள் என்று பதிவாகியிருப்பது நான்கு மலாய்க்காரர்கள். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் அருங்காட்சியக அதிகாரி ராபின்சன். கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரனோடு 1885இல் நடந்தவர் கூலோப் ரியாவ். மலைக்குப் போனது 'கேமரன்' என்ற பெயர்தான். இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே அந்தத் தொடர்களில் தெமியார்களும் பத்தேக்குகளும் வாழ்கிறார்கள். 'முதலில் ஏறியவர்' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டியலின் குறை இதுதான். உயரத்துக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறது, தேதிக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறது, கூட வந்தவருக்கு இடம் வைக்கவில்லை. அந்தப் பத்தியைப் பட்டியலில் எதிர்பார்க்க முடியாது என்றால், அதை நிரப்ப வேண்டியது பக்கத்தில் எழுதப்படும் குறிப்பு. நாம் எழுதுகிற குறிப்பு.

என் குறிப்பு

இப்போது என் சொந்தப் பிரதி.

குனோங் நுவாங், 1493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. ஏழில் இல்லை; ஆனால் ஏழுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பழகுவதற்கு முதலில் போகும் இடம். உலு லங்காட் பங்சூனிலிருந்து கிளம்பினால் முதலில் ஒரு பழைய லாரிப் பாதை. முடியவே முடியாது. பிறகு ஆற்றங்கரையில் லோலோ முகாம். அங்கிருந்து வேர்களைப் பிடித்து ஏறினால் பாச்சாட் முகாம். பாச்சாட் என்றால் அட்டை, பெயரில் பொய் இல்லை. அதற்கும் மேலே பெங்காசே உச்சி. வானம் திறக்கும், காற்று வரும், நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று நினைப்பீர்கள். முடிக்கவில்லை. நுவாங் இன்னும் அந்தப் பக்கம் நிற்கிறது. இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

முதல் தடவை நான் பெங்காசேவையே நுவாங் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு மலாய்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். அரைமணி நேரம் கழித்து, அவர் தன் புட்டியிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து நீளமான ஒரு குறிப்பு எழுதினேன். நன்றாக எழுதினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதில் மூடுபனி இருந்தது, தனிமை இருந்தது, 'மலை என்னை அழைத்தது' என்ற வரிகூட இருந்தது. (மலை யாரையும் அழைக்கவில்லை; வாட்ஸ்அப்பில் நண்பன் அழைத்தான்.) பெங்காசே அதில் இல்லை. அந்தப் பெரியவரும் இல்லை. எங்கே கடைசி ஆறு, எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும் இல்லை. கவிதையில் லிட்டர் எப்படி வரும்?

அடுத்த ஆண்டு ஒரு நண்பனின் தம்பி, பத்தொன்பது வயது, அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு இரண்டு கூட்டாளிகளோடு போனான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர். லோலோவில் நிரப்பவில்லை. பெங்காசேவில் இதுதான் உச்சி என்று நினைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அதன் பிறகு உண்மை தெரிந்து, விடக்கூடாது என்று நுவாங்குக்கும் போயிருக்கிறார்கள். திரும்பும்போது தொடையில் பிடிப்பு, வாந்தி, இருட்டு. மூன்று பேருக்கு ஒரு டார்ச். அவன் அம்மா இரவு ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்தபோது அவர்கள் இன்னும் லாரிப் பாதையைத் தொடவில்லை. பதினொன்றரைக்கு வெளியே வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மறுநாள் அவன் என்னிடம் கோபப்படவில்லை. "அண்ணே, நீங்க பெங்காசேயப் பத்தி எழுதவே இல்லையே" என்று மட்டும் கேட்டான். மறந்துட்டேன்டா என்று சொன்னேன். மறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. மன்ரோ தான் ஏறாததை எழுதினார். நான் அழுததை மறைத்தேன்.

நடந்ததைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தண்ணி எங்க இருக்குன்னு நீ எழுதலையா? எங்க மலையில புதுசா ஆள் வந்தா மொதல்ல அதத்தான் சொல்லுவோம்."

ஆற்றுப்படை

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்னதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே உண்டு. பயன் பெற்று வருகிறவன், வறுமையில் எதிரே வருகிறவனை நிறுத்தி, நான் போன வழியில் நீயும் போ, இப்படிப் போ என்று சொல்வது. தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் சொல்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான்.

அதில் மலைக்கென்றே இருப்பது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள், பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனது நவிர மலையை இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. அப்படியானால் இன்று அங்கே பௌர்ணமி இரவில் டார்ச்சோடு ஏறுகிறவர்கள் அறியாமலே அந்தப் பாட்டுக்குள் நடக்கிறார்கள். ஐந்தாம் படிவத்தில் இந்தப் பெயரை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்தவன் நான். நுவாங் சம்பவத்துக்குப் பிறகு உரையோடு எடுத்து வாசித்தேன். ஒரு மலையேற்றக் குறிப்பாக வாசித்தேன். அதிர்ந்துவிட்டேன்.

அதில் என்ன இருக்கிறது? தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், அதனால் விடிந்த பிறகு போ. குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்து நட. யானையை விரட்டக் காவலர்கள் வீசும் கவண்கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மறைந்து நில். பாசி வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள். இரவானால் குகையில் தங்கு. வழி தவறிவிட்டால் உன் இசைக்கருவியை வாசி, கானவர் கேட்டு வந்து உதவுவார்கள். எந்த ஊரில் யார் இருப்பார்கள், உன்னை எப்படி உறவுபோல் ஏற்பார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள். அருவி, மூங்கில், தேன், மலையின் எண்ணற்ற ஓசைகள் எல்லாம் உண்டு. அந்த ஓசைகளிலிருந்துதான் நூலுக்கே பெயர். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் அழகு முழுவதும் 'நீ' என்ற முன்னிலையை நோக்கிச் சொல்லப்படுகிறது. சொல்பவன் எவ்வளவு கஷ்டப்பட்டான், உச்சியில் என்ன உணர்ந்தான் என்பதற்கு அங்கே வேலையில்லை.

இன்று நாம் எழுதும் மலைக் குறிப்புகளோடு இதை வைத்துப் பாருங்கள். நம்முடையவை தன்மையில் தொடங்கித் தன்மையில் முடிகின்றன. நான் கிளம்பினேன், நான் ஏறினேன், மலை எனக்குக் கற்றுக் கொடுத்தது, என்னை நான் கண்டுகொண்டேன். வாசகனுக்குக் கிடைப்பது பொறாமை, அல்லது ஒரு லைக். மலையில் இருந்த வேறொருவர் அதில் தென்படுவதே அரிது. 'இலக்கியத் தரமான' பயணக் கட்டுரை என்றால் தகவலைக் குறைத்து அகத்தைக் கூட்டுவது என்று எப்படியோ நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கை சங்கப் பாட்டிலிருந்து வந்ததில்லை. அங்கே வழி சொல்வதுதான் கவிதையின் வேலை. பாம்புக் குழியும் அருவியும் ஒரே மூச்சில் வருகின்றன.

ஒரு மறுப்பு எழலாம். பெருங்கௌசிகனாரும் மன்னனைப் புகழத்தானே பாடினார்? பரிசில் கிடைக்கும் என்ற ஆசையில்தானே அந்த வழி? உண்மைதான். ஆற்றுப்படை ஒன்றும் தூய சேவை இல்லை. ஆனால் புகழுக்காக எழுதியவர்கூட அடுத்து வருபவனின் கால் எங்கே வழுக்கும் என்பதை விடாமல் சொன்னார் என்பதுதான் என்னை வெட்கப்பட வைக்கிறது. எனக்கும் புகழ்தான் வேண்டியிருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை, பெங்காசே.

பட்டியலே இலக்கியமாக முடியும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று இருக்கிறது. ஃபுக்காடா கியூயா என்ற எழுத்தாளர் 1964இல் 'நூறு புகழ்பெற்ற மலைகள்' என்ற நூலை எழுதினார். உயரத்தை மட்டும் வைத்துக் கோடு கிழிக்காமல், மலையின் கண்ணியம், வரலாறு, தனித்தன்மை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேல். ஆனால் 877 மீட்டரே உள்ள சுக்குபா மலையும் அதில் உண்டு. ஒவ்வொரு மலைக்கும் ஒரு கட்டுரை. இன்று ஜப்பானியர்கள் அந்த நூறையும் சரி குறி போட்டுத்தான் ஏறுகிறார்கள், அதிலும் போட்டி உண்டு. இருந்தாலும் அவர்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு காலி இடத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. கல்லுமலை, தண்ணீர்மலை, சன்னாசிமலை, பத்துமலை. வேண்டுமானால் கடாரத்துக் கப்பல்களுக்குக் கடலிலிருந்தே தெரிந்த குனோங் ஜெராயையும், பாட்டி கூடையோடு ஏறிய அந்தப் பெயரில்லாத தேயிலைச் சரிவையும் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாதது கட்டுரைகள். எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். சரி குறி போடுங்கள், தப்பே இல்லை. பக்கத்தில் எழுதும்போது அடுத்து வருகிறவனைப் பார்த்து எழுதுங்கள். வழிகாட்டியின் பெயரை, அவர் சம்மதித்தால், எழுதுங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே ஏமாந்தீர்கள் என்று எழுதுங்கள். அதில் அழகு தானாக வந்தால் வரட்டும்.

மழை பெய்து வெளுத்த காலைகளில் மேருவிலிருந்து கிழக்கே பார்த்தால், லாரிகளுக்கும் கூரைகளுக்கும் மேலே, நீலமாக ஒரு கோடு தெரியும். திதிவாங்சா. அப்படி ஒரு காலையில் உட்கார்ந்து நுவாங் குறிப்பைத் திருத்தி எழுதினேன். முதல் வரி லோலோ முகாமில் தண்ணீர் நிரப்புவது பற்றி. நடுவில் பெங்காசே, அங்கே நான் அழுதது, தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெரியவர். அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். 'டார்ச் ஆளுக்கு ஒண்ணுன்னு போடுங்கண்ணே' என்று பதில் வந்தது. அதையும் சேர்த்தேன்.

பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் தலையாட்டினார். கடைசி வரி இது: மேலே கோயில் இல்லை.